ஸ்தேவானும் முடியப்பரும் ஒரே ஆள்தானே? ஒன்றிப்பு வாரக் கூட்டத்துக்கு யோசனை வேண்டும்

கேள்வி: கோட்டாத்துக்காரி

எல்லாருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்க வந்திருக்கிறேன். கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது கோட்டாற்றுப் பக்கம், ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கக் குடும்பம். கட்டிக்கொடுத்தது மார்த்தாண்டம் பக்கம், சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை என்கிற புராட்டஸ்டன்ட் குடும்பம். பதினேழு வருடமாக ஞாயிற்றுக்கிழமை வீட்டாரோடு ஆராதனைக்குப் போகிறேன், அம்மா வீட்டுக்குப் போனால் பூசைக்குப் போகிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மேடை ஏறி வேத விஷயம் பேசியதே கிடையாது.

எங்கள் ஊரில் ஜனவரி 18 முதல் 25 வரை வரும், கிறிஸ்தவச் சபைகளின் ஒற்றுமைக்கான ஒன்றிப்பு வாரத்தில் ஒரு நாள் எல்லாச் சபைப் பிள்ளைகளையும் கூட்டி ஒரு நிகழ்ச்சி வைப்பார்கள். ஆர்.சி., சி.எஸ்.ஐ., லுத்தரன், ரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே எல்லாரும் வருவார்கள். இந்தத் தடவை தலைப்பு, புனிதர்களின் வாழ்க்கையும் நம் ஒற்றுமையும். இருபது நிமிடம் பேசவேண்டியது நான். "உனக்குத்தான் ரெண்டு பக்கமும் தெரியுமே" என்று தலையில் கட்டிவிட்டார்கள்.

போன தடவை நடந்ததைச் சொன்னால்தான் என் பயம் புரியும். ஒருவர் எழுந்து ஒரு புனிதர் செய்த புதுமைகளை, அதாவது அற்புதங்களை, வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். பின்வரிசையில் முணுமுணுப்பு. அடுத்துப் பேசியவர் "விக்கிரகம்" என்ற வார்த்தையை எடுத்தார். அதோடு போச்சு. ஒரு அண்டா பாயசம் மீந்தது, குடிக்க ஆள் நிற்கவில்லை.

இதற்கிடையில் வீட்டில் ஒன்று நடந்தது. விடுமுறைக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது பக்கத்து ஊர்க் கோயிலுக்கு மகளைக் கூட்டிப்போனேன். அவளுக்கு ஒன்பது வயது. சுவரில் ஒரு மாடத்தில் சுரூபம். இளவயது ஆள், ஒரு கையில் குருத்தோலை, மறு கையில் மூன்று கல். கீழே "புனித முடியப்பர்" என்று எழுதியிருந்தது.

"அம்மா, இவரு ஏன் கல்லு வச்சிருக்காரு?"

"கல்லெறிஞ்சு கொன்னாங்க மக்களே."

"அது ஸ்தேவான்லா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஸ்தேவான்தான். விசுவாசத்துக்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட முதல் வேதசாட்சி. அந்தக் கிரேக்கப் பெயருக்கு முடி, கிரீடம் என்று பொருள். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் பொருளை எடுத்து முடியப்பர் ஆக்கினார்கள், சி.எஸ்.ஐ. பக்கம் ஓசையை எடுத்து ஸ்தேவான் ஆக்கினார்கள். பவுல் என்றால் சிறியவர், அதனால் எங்களுக்குச் சின்னப்பர். யோவான் எங்களுக்கு அருளப்பர். இதெல்லாம் எனக்குத் தெரியும்தான். ஆனால் ஓய்வுநாள் பள்ளியில் அப்போஸ்தலர் நடபடிகள் ஏழாம் அதிகாரத்தை ஒப்பித்துப் பரிசு வாங்கிய பிள்ளை அதே ஆள் முன்னால் நின்று "யார் இது" என்று கேட்கும் நிலைமையை நான் யோசித்ததே இல்லை.

மார்த்தாண்டம் வீட்டுக்குத் திரும்பிய ராத்திரி கஞ்சி குடிக்கும்போது மகள் இதை மாமியிடம், அதாவது என் மாமியாரிடம், சொன்னாள். மாமி முதலில் "ஸ்தேவானுக்கு எதுக்கு சிலை?" என்றார்கள். பயற்றைக் கொஞ்ச நேரம் கிண்டிக்கொண்டே இருந்துவிட்டு, "எங்கப்பா பேரும் ஸ்தேவான்தான்" என்றார்கள். என் அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர் முடியப்பன். இரண்டு தாத்தாக்களுக்கும் ஒரே பெயர் என்று பதினேழு வருடம் கழித்துத்தான் அந்த வீட்டில் தெரிந்தது.

அதிலிருந்துதான் எனக்கு ஆசை. சண்டை கிளப்பாமல், அதே நேரம் பூசி மெழுகாமல், யாருடைய வாழ்க்கையைச் சொல்லலாம்? எப்படிச் சொல்லலாம்?

நான் நினைத்து வைத்திருப்பது தேவசகாயம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மனிதர். 1712இல் நட்டாலத்தில் பிறந்தவர், அப்போது பெயர் நீலகண்டன். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா காலத்தில் அரண்மனை உத்தியோகம். 1741 குளச்சல் சண்டையில் பிடிபட்ட டச்சுப் படைக்காரர் டிலனாய், பிறகு ராஜாவின் படைக்கே பயிற்சி கொடுத்தாரே, அவரோடு பழக்கம். மாடு செத்து, குடும்பத்தில் கஷ்டம் வந்து மனம் நொந்திருந்தபோது டிலனாய் அவருக்குச் சொன்னது, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதை. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். லாசர் என்ற பெயரைத்தான் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். 1749இல் கைது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அலைக்கழித்து, கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். அம்மா வீட்டுத் தெருவில் அன்று சீரியல் செட் போட்டோம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாற்றத்தைக் கவனிக்கிறேன். முன்பு "வேதசாட்சி தேவசகாயம் பிள்ளை" என்று சி.எஸ்.ஐ. பெரியவர்கள்கூட உரிமையாகப் பேசுவார்கள். பட்டம் வந்தபின் "அது உங்க ஆளு" என்கிறார்கள். பட்டம் கொடுத்தால் தூரம் கூடுமா என்ன?

இன்னொரு கவலையும் உண்டு. கூட்டம் நடக்கும் மண்டபத்தைச் சுற்றி இந்து வீடுகள். மைக்கில் பேசுவது தெரு முழுக்கக் கேட்கும். கிறிஸ்தவர்களுக்குள் ஒற்றுமை என்று சொல்லிக்கொண்டு பக்கத்து வீட்டாரைக் குத்துகிற பேச்சாகவும் அது மாறிவிடக் கூடாது.

பதில் 1: ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர்

மகளே, நான் நாசரேத்துப் பக்கத்து சி.எஸ்.ஐ. வயது 74. உன் மாமி கட்சி என்று வைத்துக்கொள்.

முதலில் அந்தப் பின்வரிசை முணுமுணுப்பு ஏன் வருகிறது என்று சொல்கிறேன். பவுல் தன் நிருபங்களில் ரோமாபுரியில் இருக்கிறவர்களுக்கும் எபேசுவில் இருக்கிறவர்களுக்கும் "பரிசுத்தவான்கள்" என்று எழுதுகிறார். அங்கே அது உயிரோடு இருக்கிற சாதாரண சபையாரைக் குறிக்கிற சொல். எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் காதில் ஏறியிருக்கிறது. நீங்கள் அதே இடத்தில் இறந்துபோய், பட்டம் வாங்கி, பீடத்தில் இருப்பவர்களை வைத்துப் பேசுகிறீர்கள். இரண்டு பேரும் வேறு வேறு ஆளைப் பற்றிப் பேசிக்கொண்டு சண்டை போடுகிறோம். இதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சிரித்துக்கொண்டே சொல்லிவிடு, பாதி முணுமுணுப்பு அடங்கிவிடும்.

ஆனால் எங்கள் ஆட்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். புனிதர்களின் நினைவே கூடாது என்று புராட்டஸ்டன்ட் சபைகளைத் தொடங்கிய சீர்திருத்தக்காரர்கள் சொல்லவில்லை. 1530இல் லுத்தரன்கள் கொடுத்த அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையில் 21ஆம் பிரிவு இதைப் பற்றித்தான். தேவன் அவர்களுக்கு எப்படிக் கிருபை செய்தார் என்று பார்த்து நம் விசுவாசம் பலப்படவும், அவரவர் வேலையில் அவர்களைப் பின்பற்றவும் அவர்களை நினைக்கலாம். அவர்களிடம் வேண்டுதல் செய்ய வேதத்தில் ஆதாரம் இல்லை. அவ்வளவுதான் அங்கே சொல்லியிருப்பது. அதாவது நினைப்பதில் நமக்குள் சண்டை இல்லை, வேண்டுவதில்தான் சண்டை. உன் கூட்டம் நினைக்கிற கூட்டம். எபிரெயர் 11ஐயும் 12இன் முதல் வசனத்தையும் வாசித்துவிட்டு ஆரம்பி. "மேகம்போன்ற திரளான சாட்சிகள்" என்று கேட்டால் எந்தச் சபைக்காரனும் எழுந்து போகமாட்டான்.

தேவசகாயத்தைச் சொல், தாராளமாகச் சொல். புதுமையில் தொடங்காதே. யோபுவில் தொடங்கு. டிலனாய் வேலை பார்த்தது கால்வினிஸ்டு, அதாவது புராட்டஸ்டன்ட், டச்சுக் கம்பெனியில், அவர் கத்தோலிக்கர், அவர் எடுத்துச் சொன்னது நம் இரண்டு பேர் வேதாகமத்திலும் இருக்கிற புஸ்தகம். துன்பத்தில் இருந்த ஒருவனுக்கு ஒருவன் யோபுவை வாசித்துக் காட்டினான். நம் ஊரில் சாவு வீட்டுக்குப் போய் நாம் செய்வதும் அதுதானே. உதயகிரிக் கோட்டையில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. பிள்ளைகளை முடிந்தால் ஒரு நடை கூட்டிப்போ. புலியூர்குறிச்சிப் பாறையும் பக்கத்திலேயே இருக்கிறது. தாகத்தில் இருந்த தேவசகாயத்துக்கு அந்தப் பாறையில் தண்ணீர் வந்த கதையை அவரவர் விசுவாசத்துக்கு விட்டுவிடு.

ஒரு பக்கத்து ஆளை மட்டும் சொன்னால் பேச்சு சாய்ந்துவிடும். எங்கள் ஊர்ப் பக்கத்து அசரியாவையும் சேர்த்துக்கொள். 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1910 எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்து, உங்கள் தியாகமெல்லாம் சரி, எங்களுக்கு நண்பர்களாக வாருங்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டவர். அந்தக் காலத்தில் அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். 1919இல் அவரும் வேறு சபைத் தலைவர்களும் தரங்கம்பாடியில் கூடிப் பேசினார்கள். இந்தப் பிரிவினைகளை நாம் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து நம்மேல் சுமத்தப்பட்டவை, இவற்றை நீடிக்க நமக்கு விருப்பமில்லை என்று அறிக்கை விட்டார்கள். அதன் பிறகு பேச்சுவார்த்தை, பேச்சுவார்த்தை, இருபத்தெட்டு வருடம்! 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது அவர் இல்லை. 1945 ஜனவரி 1ஆம் தேதியே போய்விட்டார். இங்கிலாந்துச் சபையின் நாட்காட்டியில் ஜனவரி 2 அவருடைய நினைவு நாள். நம் சபைப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அது தெரியும்? எனக்கே ரிட்டயர் ஆன பிறகுதான் தெரியும்.

டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரையும் ஒரு வார்த்தை சொல். 1916இல் தன்னோடு ஊழியம் செய்த பெண்களுக்கு ஒரு குழு அமைத்தபோது அதற்கு அவர் வைத்த பெயர், நெதர்லாந்தில் பதினான்காம் நூற்றாண்டில் இருந்த ஒரு கத்தோலிக்கச் சகோதரர் குழுவின் பெயரைப் பின்பற்றியது. அசல் புராட்டஸ்டன்ட் அம்மா அவர். நல்லது எங்கே கிடைத்தாலும் எடுத்துக்கொண்டார். தன் கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டிதான் இருக்கிறது, அதில் தாய் என்று பொருள்படும் ஒரே சொல்தான் எழுதியிருக்கும். அவர் இறந்தது 1951 ஜனவரி 18. உன் ஒன்றிப்பு வாரம் தொடங்குகிற அதே நாள்.

பாயசத்தைப் பேச்சுக்கு முன்னாலேயே கொடுத்துவிடு.

பதில் 2: விளவங்கோடு தம்பி

அக்கா, நான் பெந்தெகொஸ்தே. தப்பா எடுக்காதீங்க. ஸ்தேவான், பவுல், பேதுரு என்று வேதத்தில் இருக்கிற ஆட்களே போதுமே. பிற்காலத்து மனுஷர்களை எதற்கு இழுக்கவேண்டும்? ஒற்றுமை இயேசுவில்தான். மனுஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவன் எங்கள் ஆள், இவன் உங்கள் ஆள் என்றுதான் முடியும். போன வருடம் அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்ததில் நானும் ஒருத்தன்.

கோட்டாத்துக்காரியின் பதில்

தம்பி, உண்மையைச் சொன்னதற்கு நன்றி. முணுமுணுத்தது யார் என்று இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தேன்!

ஒன்று கேட்கிறேன். 2015 பிப்ரவரியில் லிபியாவில் ஐ.எஸ். தீவிரவாதிகள் கடற்கரையில் ஆரஞ்சு உடுப்பில் மண்டிபோட வைத்துக் கொன்றார்களே 21 பேரை, அந்தப் படம் உன் ஃபோனுக்கு வந்ததா? எனக்கு ஐந்து குரூப்பிலிருந்து வந்தது, அதில் மூன்று பெந்தெகொஸ்தே குரூப். எல்லாரும் "இரத்தசாட்சிகள்" என்று போட்டிருந்தார்கள். அவர்கள் எந்தச் சபை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இருபது பேர் எகிப்தின் காப்டிக் சபைக்காரர்கள். சுரூபப்படங்கள் முன் ஜெபிக்கிற சபை, மாதா பக்தி உள்ள சபை, ரோமாபுரியோடு ஐந்தாம் நூற்றாண்டிலேயே பிரிந்துபோன சபை. இருபத்தொன்றாவது ஆள் கானா நாட்டுக்காரர், பெயர் மேத்யூ, காப்டிக்கே இல்லை. பெரும்பாலோர் மின்யா மாகாணத்துக் கிராமத்துப் பையன்கள். வீட்டில் கஷ்டம் என்று கட்டட வேலைக்கு லிபியா போனவர்கள். நம் ஊரில் வீட்டுக்கு ஒரு பையன் கல்ஃபில் இருக்கிறான், நமக்கு அந்தக் கதையை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. என் தம்பி அப்போது குவைத்தில் இருந்தான். அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை.

2023இல் போப் பிரான்சிஸ் அந்த 21 பேரையும் ரோமைச் சபையின் மறைசாட்சிகள் பட்டியலில் சேர்த்தார். அவர்களை யாரும் கத்தோலிக்கராக மாற்றவில்லை. அவர்கள் எப்படி இருந்தார்களோ அப்படியே சேர்த்துக்கொண்டார்கள்.

நீ அந்தப் படத்தை அனுப்பினாயா இல்லையா என்று மட்டும் சொல்லு.

விளவங்கோடு தம்பி

அனுப்பினேன் அக்கா. ஸ்டேட்டஸும் வைத்தேன்.

பதில் 3: எல்பே நதிக்கரை

வணக்கம் டீச்சர். தூத்துக்குடி ஆள், இப்போது ஹாம்பர்கில் வேலை. எங்கள் ஊர்க் கதை ஒன்று தருகிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நகரத்து நடுவில் ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. சனிக்கிழமை பிள்ளையை அங்கே விளையாடக் கூட்டிப்போவேன். பூங்காவை ஒட்டியே செங்கல் மதில், உள்ளே விசாரணைக் கைதிகள் சிறை. இன்றைக்கும் சிறைதான். ஹிட்லரின் நாஜி ஆட்சியில், 1943 நவம்பர் 10 அன்று அதற்குள்ளே நான்கு பேரை கில்லட்டினில் வெட்டினார்கள். ஒருவருக்குப் பின் ஒருவராக, சில நிமிட இடைவெளியில். நான்கு பேரும் லூபெக் நகரத்துக் குருக்கள். பிராஸெக், லாங்கே, முல்லர் மூன்று பேரும் கத்தோலிக்கர். ஸ்டெல்பிரிங்க் லுத்தரன் போதகர். நாலு பேர் ரத்தமும் அந்தத் தரையில் ஒன்றாக ஓடியது என்று இங்கே இன்றும் சொல்வார்கள். அந்த மதிலோரம் நடக்கும்போது எனக்கு அது நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

பிராஸெக்கும் ஸ்டெல்பிரிங்க்கும் அறிமுகமானது 1941இல் ஒரு அடக்கத்தில். அந்தக் காலத்தில் இங்கே கத்தோலிக்கரும் லுத்தரனும் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் போவதே அபூர்வம். மனநலம் குன்றியவர்களை நாஜிகள் கொல்வதைக் கண்டித்து மூன்ஸ்டர் ஆயர் செய்த பிரசங்கங்களைப் படியெடுத்து ஒருவருக்கொருவர் கொடுத்துப் பரப்பினார்கள். பிராஸெக், கூலி வேலைக்குப் பிடித்துவரப்பட்ட போலந்துக்காரர்களுக்கு உதவ அவர்கள் மொழியையே கற்றுக்கொண்டார். 1942 குருத்தோலை ஞாயிறு விடிவதற்குள் லூபெக்கில் குண்டுவீச்சு. எரிகிற ஊரில் சுற்றிவிட்டுக் கோயிலுக்கு வந்த ஸ்டெல்பிரிங்க், கடவுள் பலத்த குரலில் பேசியிருக்கிறார் என்கிற மாதிரி பிரசங்கித்தார். சில நாளில் கைது. பிறகு மற்ற மூவரும்.

இப்போது கஷ்டமான பகுதி. ஸ்டெல்பிரிங்க் தொடக்கத்தில் நாஜிக் கட்சியில் இருந்தவர், யூதர்களை வெறுத்துப் பேசியவர், கத்தோலிக்கர்களையும் பிடிக்காதவர். மெதுவாக மாறினார். அவர் கைதானதும் அவருடைய சபையே அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அந்தச் சபை அவருக்கு முழுமையாக மரியாதையைத் திருப்பிக் கொடுத்தது 1993இல்தான்.

2011 ஜூன் 25 அன்று லூபெக்கில் மூன்று கத்தோலிக்கக் குருக்களுக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தார்கள். லுத்தரன் சபையில் அந்த வழக்கம் கிடையாது, ஆகவே நான்காமவருக்குப் பட்டம் இல்லை. நீங்கள் பயப்படுகிற அதே பயம் இங்கேயும் வந்தது. மூன்று பேரை மேலே தூக்கினால் நாலாவது ஆள் கீழே நிற்பாரே, ரத்தம் பிரியாத இடத்தில் பட்டம் பிரித்துவிடுமே என்று இரண்டு பக்கமும் மனத்தாங்கல். அதனால் அந்த விழாவிலேயே அவரையும் பெயர் சொல்லி நினைத்தார்கள். லூபெக்கில் ஒரு சொல் உண்டு: மூன்று என்று சொல்லாதே, எப்போதும் நான்கு என்று சொல். அங்கே இருதய ஆண்டவர் கோயிலின் நிலவறை நினைவிடத்துக்கு ஒருமுறை போயிருக்கிறேன். நான்கு பெயரும் இருக்கிறது. மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் நீங்கள் கத்தோலிக்கரா என்று கேட்டேன். லுத்தரன் என்றார்.

என் கருத்து: குறையைக் கழித்துச் சொல்லாதீர்கள். ஸ்டெல்பிரிங்க்கைப் பிறக்கும்போதே நல்லவராகச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். கத்தோலிக்கரை வெறுத்த ஒருவர் கடைசியில் மூன்று கத்தோலிக்கக் குருக்களோடு ஒரே வழக்கில் ஒரே நாளில் செத்தார் என்று சொல்லிப்பாருங்கள்.

பதில் 4: வடக்கன்குளத்துப் பக்கத்து ஆள்

எல்லாம் சரி. ஆர்.சி., சி.எஸ்.ஐ. சண்டை பெரிய சண்டையாம்! அதைவிடப் பெரியது நமக்குள் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை.

தேவசகாயம் ஞானஸ்நானம் வாங்கிய எங்கள் வடக்கன்குளத்துக் கோயில் பிற்காலத்தில் எப்படி இருந்தது தெரியுமா? பீடத்திலிருந்து இரண்டு கால் பிரிந்த மாதிரி இரண்டு பகுதி. இந்தப் பக்கம் ஒரு சாதி, அந்தப் பக்கம் இன்னொரு சாதி, நடுவில் சுவர். பூசை ஒன்று, ஆண்டவர் ஒருவர், சுவரும் ஒன்று. 1910இல்தான் அந்தச் சுவரை இடித்தார்கள். அது கோர்ட்டு வரை போனது. ஹெட்மாஸ்டர் ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் பக்கமும் யோக்கியம் இல்லை. 1833இல் கல்கத்தா பேராயர் வில்சன் சபைக்குள் சாதியை விட்டுவிடுங்கள் என்று எழுதியதும் தஞ்சாவூரில் ஒரு கூட்டமே சபையை விட்டு வெளியே போனது.

தேவசகாயம் எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார் என்பதும் அவர்மேல் இருந்த கோபத்துக்கு ஒரு காரணம். அதனால்தான் பட்டம் கொடுக்கும்போது அவர் பெயரிலிருந்து "பிள்ளை" என்கிற சாதிப் பெயரை எடுத்தார்கள், நம் ஆட்கள் கேட்டுக்கொண்டதன் பேரில். நீங்களே மேலே பழைய பெரியவர்கள் சொன்னபடி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள். உங்கள் பேச்சில் அந்தப் பெயரை எப்படிச் சொல்லப்போகிறீர்கள் என்று கேட்கத்தான் வந்தேன். பொண்ணு பார்க்கப் போகும்போது முதலில் சபையைக் கேட்கிறோமா, வேறு எதையாவது கேட்கிறோமா?

ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர்

கோபமில்லை தம்பி. எழுதியது உண்மை. எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் எந்த வரிசை யாருக்கு என்று எனக்குத் தெரியும், நான் கமிட்டியில் இருந்தவன்.

கோட்டாத்துக்காரி (நான்கு நாள் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. வடக்கன்குளத்து அண்ணன் கேட்டது உறைத்தது. தேவசகாயம் என்றே சொல்லப்போகிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று அந்தச் சுவரையும் சேர்த்துச் சொல்வேன். அதற்குக் கமிட்டியில் ஒருவர் "இது இந்தத் தலைப்புக்குத் தேவையா" என்று கேட்டார். தேவை என்று சொல்லிவிட்டேன், கை கொஞ்சம் நடுங்கியது.

எங்கள் பங்குச் சாமியாரிடமும் கேட்டேன். 1964இல் நடந்த ஒன்றைச் சொன்னார். உகாண்டாவில் 1885 முதல் 1887 வரை முவாங்கா ராஜா தன் அரண்மனைப் பையன்களைக் கொன்றபோது 22 கத்தோலிக்கரும் 23 ஆங்கிலிக்கரும் இறந்தார்கள். 1886 ஜூன் 3 அன்று நமுகோங்கோவில் ஒரே நாளில் ஒன்றாகவே பலரை எரித்தார்கள். அந்த 22 பேருக்குப் பட்டம் கொடுத்தபோது ஆறாம் பவுல் பாப்பரசர் தம் மறையுரையில் மற்ற ஆங்கிலிக்கப் பையன்களையும் நினைத்தாராம். அதே வருடம் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமும் பிரிந்த சபைகளில் ரத்தம் சிந்தும் அளவுக்குச் சாட்சி சொன்னவர்களைக் கத்தோலிக்கர்கள் மதிக்கவேண்டும் என்று எழுதி வைத்தது. "டீச்சர், நாங்க எழுதி வச்சோம், உங்க மாமி வீட்டுல நீங்க வாழ்ந்துட்டு இருக்கீங்க" என்றார் சாமியார். கிண்டலா பாராட்டா என்று தெரியவில்லை.

இருபது நிமிடத்தில் எல்லாரையும் அடைக்க முடியாது. மூன்று பேர்தான்: யோபு கதை கேட்ட தேவசகாயம், தான் விரும்பிய ஒன்றிப்பைப் பார்க்காமலேயே போன அசரியா, வெறுப்பிலிருந்து மாறிய ஸ்டெல்பிரிங்க். லிபியா பையன்களைப் பற்றி விளவங்கோடு தம்பியே ஐந்து நிமிடம் பேசுகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறான். பின்வரிசையிலிருந்து ஒருத்தன் மேடைக்கு வருகிறான், எனக்கு அதுவே போதும்.

நேற்று ராத்திரி மாமி முன்னால் பேசிப் பார்த்தேன். தேவசகாயம் கைதானதிலிருந்து சாகிற வரை ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்கள். பிறகு, "அவரு பெஞ்சாதி என்ன ஆனா?" என்றார்கள். அவருடைய மனைவி பார்கவி அம்மாள், ஞானஸ்நானத்தில் ஞானப்பூ. அதற்கு மேல் நான் ஒன்றும் தயார் செய்யவில்லை. "மூணு வருஷம் புருஷன சங்கிலியில வச்சிருந்தா வீட்டுல இருந்தவ எப்படி இருந்திருப்பா, அதச் சொல்லு மக்களே" என்றார்கள். அந்த இடத்தில் பேச்சை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். கூட்டத்துக்கு மாமியும் வருகிறார்கள். மாலை போடச் சொல்லக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு.

மண்டபத்தில் மாட்ட மகள் ஒரு சார்ட் செய்கிறாள். ஒரு பக்கம் ஆர்.சி. பெயர், மறு பக்கம் சி.எஸ்.ஐ. பெயர். முடியப்பர், ஸ்தேவான். சின்னப்பர், பவுல். அருளப்பர், யோவான். சூசையப்பர், யோசேப்பு. ராயப்பர், பேதுரு. இதுவரை பிரச்சினை இல்லை. சவேரியார் என்று எழுதிவிட்டு எதிர்க் கட்டத்தைக் காலியாக வைத்துக்கொண்டு, "பாட்டி, சவேரியாருக்கு நம்ம பக்கம் என்ன பேரு?" என்று கேட்டாள்.

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார்கள்.

"டிசம்பர் மூணு லீவு."

சவேரியார் திருநாள் அன்றுதான், எங்கள் மாவட்டத்துக்கே லீவு. அவள் அதையே எழுதிவிட்டாள். அழிக்கச் சொல்லலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.